சம்பா பயிர் இன்ஷூரன்ஸ்: ரசீது வாங்கியபின் கவனிக்க வேண்டியவை

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடிப் பயிர் அறுவடைக்கு நிற்கும் தை மாதத்தில் வானம் வெளுத்திருக்க வேண்டும். 2021 ஜனவரியில் அப்படி இல்லை. 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் இல்லை. கதிர் முற்றித் தலைசாய்ந்த பயிர் தண்ணீரில் படுத்தது. நெல் வயலிலேயே முளை விட்டது. இப்படி ஒரு மழை பெய்து ஓய்ந்தபின் கூட்டுறவு சொசைட்டி வாசலில் ஒரே கேள்விதான் கேட்கும்: "பிரீமியம் கட்டினோம், பயிரும் போயிற்று, பக்கத்து ஊருக்குப் பணம் வந்திருக்கிறது, நமக்கு ஏன் வரவில்லை?"

இந்தக் கேள்விக்குப் பதில் ரசீதில் இல்லை. திட்டத்தின் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைத் தெரிந்து கொண்டால் எந்த நஷ்டத்துக்கு இன்ஷூரன்ஸை நம்பலாம், எதற்குக் கையிருப்பை வைத்துக் கொள்ள வேண்டும் என்பது விளங்கும். தெரியாமல் பிரீமியம் மட்டும் கட்டிவிட்டு, வரப் போகும் பணத்தை நம்பிக் கடன் வாங்குகிறவர்களே அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

ஊருக்குத்தான் இன்ஷூரன்ஸ்

பிரதம மந்திரி பயிர் காப்பீட்டுத் திட்டம் 2016 காரிப் பருவம் முதல் நடந்து வருகிறது. உணவுப் பயிர், எண்ணெய் வித்துகளுக்கு விவசாயியின் பங்கு காரிப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவிகிதம், ராபிப் பருவத்தில் 1.5 சதவிகிதம். பணப் பயிர், தோட்டப் பயிர்களுக்கு 5 சதவிகிதம். மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. சம்பா நெல் ராபிக் கணக்கில் சேருகிறது. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை ரூ.36,000 என்று வைத்துக் கொண்டால் விவசாயி கட்டுவது ரூ.540. இரண்டரை ஏக்கருக்கு ரூ.1,350. ஒரு மூட்டை யூரியாவையும் ஓர் ஆள் கூலியையும் நினைத்துப் பார்த்தால் இது பெரிய தொகையல்ல.

ஆனால் இன்ஷூரன்ஸ் தனி ஒருவரின் வயலுக்கு அல்ல. ஊர் முழுவதற்கும் சேர்த்துத்தான். நெல்லுக்கு வருவாய்க் கிராமம் ஓர் அலகு. சில பயிர்களுக்குப் பிர்க்கா அலகு. அந்த அலகின் சராசரி மகசூல் குறைந்தால் அங்கே பதிவு செய்த எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் பணம் வரும். குறையாவிட்டால் ஒருவருக்கும் வராது.

எவ்வளவு குறைந்தால் பணம் வரும்? கிராமத்தின் கடந்த ஏழு ஆண்டு மகசூலை எடுத்து, மோசமான இரண்டு ஆண்டுகளைத் தள்ளிவிட்டு, நல்ல ஐந்து ஆண்டுகளின் சராசரியைப் பார்க்கிறார்கள். அதில் 70, 80 அல்லது 90 சதவிகிதத்தை உத்தரவாத மகசூல் என்று வைக்கிறார்கள். எந்தச் சதவிகிதம் என்பது மாவட்டத்துக்கும் பயிருக்கும் தக்கபடி அறிவிப்பில் இருக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கிராமத்தில் ஏழு ஆண்டுகளில் ஏக்கருக்குக் கிடைத்தது 2,000, 1,900, 600, 2,100, 1,800, 2,200, 1,100 கிலோ. 600-ஐயும் 1,100-ஐயும் தள்ளினால் மீதி ஐந்தின் கூட்டு 10,000. சராசரி 2,000 கிலோ. அதில் 80 சதவிகிதம் 1,600 கிலோ. இதுதான் உத்தரவாத மகசூல். இந்த ஆண்டு கிராமத்தின் சராசரி 1,200 கிலோ என்றால் குறைவு 400 கிலோ, அதாவது 1,600-இல் கால் பங்கு. ஆகவே காப்பீட்டுத் தொகை ரூ.36,000-இல் கால் பங்கு, ஏக்கருக்கு ரூ.9,000 வரும்.

இதே ஊரில் வடிகால் ஓரத்தில் இருக்கும் ஒருவரின் வயலில் ஒரு மணி நெல் கூடத் தேறவில்லை என்று வைத்துக் கொள்வோம். அவருக்கும் ரூ.9,000தான். மேட்டு வயல்காரருக்கு 2,000 கிலோ கிடைத்திருந்தாலும் அவருக்கும் அதே ரூ.9,000. கிராமச் சராசரி 1,200 ஆக இல்லாமல் 1,650 ஆக நின்றிருந்தால் வடிகால் ஓரத்து விவசாயிக்கு ஒன்றுமே இல்லை. அவர் கட்டியதும் அதே ரூ.540-தான். இது நியாயமா என்று கேட்பவர்களுக்குச் சரியான பதில் கிடையாது. வயல் வயலாக அளந்து நஷ்ட ஈடு கொடுக்க ஆளும் இல்லை, பிரீமியமும் கட்டுபடியாகாது என்பதால் இந்த முறையை வைத்திருக்கிறார்கள். 1979-இல் முன்னோட்டமாகத் தொடங்கிய திட்டம், 1985-இல் வந்த திட்டம், 1999-இல் வந்த தேசிய வேளாண் காப்பீடு எல்லாமே வட்டார மகசூலை வைத்து நடந்தவைதான். இப்போது அலகு கிராம அளவுக்கு இறங்கியிருப்பது ஒரு முன்னேற்றம். ஆனாலும் தாழ்வான வயல் வைத்திருப்பவர், இன்ஷூரன்ஸ் தம் நஷ்டத்தை முழுக்க ஈடு செய்யும் என்று எண்ணக் கூடாது.

அறுவடைப் பரிசோதனை

கிராமத்தின் சராசரியைக் கண்டுபிடிப்பது அறுவடைப் பரிசோதனை மூலம். ஒரு கிராமத்துக்குக் குறைந்தது நான்கு இடங்களில் செய்ய வேண்டும். சர்வே எண்களிலிருந்து குலுக்கல் முறையில் வயலைத் தேர்வு செய்து, அதில் 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் அளந்து கயிறு கட்டி, அறுத்து, அடித்து, நெல்லை நிறுக்கிறார்கள். கைப்பேசியில் படமும் இடமும் பதிவாகின்றன. 2023 காரிப் முதல் நெல்லுக்குச் செயற்கைக்கோள் மூலம் கணிக்கும் மகசூலுக்கும் கணக்கில் ஒரு பங்கு கொடுத்திருக்கிறார்கள்.

ஊர் முழுவதன் பணமும் இந்த நான்கு சதுரங்களைப் பொறுத்தது. அப்படியிருந்தும் பரிசோதனை நாளன்று வயலுக்குச் சொந்தக்காரரைத் தவிர ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. உதவி வேளாண்மை அலுவலரிடம் தங்கள் ஊரில் எந்தெந்த சர்வே எண் தேர்வாகியிருக்கிறது, என்றைக்கு அறுப்பு என்று கேட்டு வைத்துக் கொண்டு, நாலு பேர் போய் நிற்பது நல்லது. எடை போடும்போது பார்த்து, எண்ணை ஒரு நோட்டில் எழுதிக் கொள்ளலாம். தேர்வான வயல்காரர் இயந்திரம் கிடைத்தது என்று முன்கூட்டியே அறுத்துவிட்டால் வேறு வயலுக்குப் போக நேரும். அந்த வேறு வயல் மேட்டு நிலமாக இருந்தால் ஊருக்கே நஷ்டம். ஆகவே அவரிடம் முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

எடையைக் குறைத்துக் காட்டச் சொல்லி அலுவலரை வற்புறுத்துவது மட்டும் வேண்டாம். தப்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் குறைந்த எண் ஏழு ஆண்டுக் கணக்கில் ஏறி உட்கார்ந்து கொள்ளும். கணக்கில் இரண்டு மோசமான ஆண்டுகளைத்தான் தள்ளுவார்கள். மூன்றாவதாக ஒன்று சேர்ந்தால் சராசரி இறங்கும், உத்தரவாத மகசூலும் இறங்கும். உண்மையாகவே வெள்ளம் வரும் ஆண்டில் ஊருக்கு வர வேண்டிய பணம் குறையும்.

தனி வயலுக்கு எப்போது?

ஊர்க் கணக்கைத் தாண்டித் தனி வயலுக்கு நஷ்ட ஈடு கிடைக்கும் சந்தர்ப்பங்கள் சில உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேக வெடிப்பு, மின்னலால் பிடித்த தீ ஆகியவற்றில் அந்த வயலை மட்டும் பார்வையிட்டுக் கணக்கிடுவார்கள். வெள்ளம் தேங்குவதும் முதலில் இந்தப் பட்டியலில் இருந்தது. நெல்லுக்கு மட்டும் 2018-இல் அதை நீக்கிவிட்டார்கள். டெல்டாவுக்கு அதனால் விழுந்த அடி பெரிது. 2026 காரிப் பருவம் முதல் நெல் வயலில் தண்ணீர் தேங்கும் நஷ்டத்தை மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. காட்டுப் பன்றி, யானை போன்றவற்றால் வரும் சேதத்தைக் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்க்கவும் அப்போதே வழி செய்தார்கள். தம் மாவட்டத்தில், தாம் போடும் பருவத்துக்கான அறிவிப்பில் இவை உண்டா என்பதைப் பிரீமியம் கட்டும்போதே கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

இந்த வகை நஷ்டம் எதுவானாலும் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். 14447 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கைப்பேசிச் செயலியில் படத்தோடு பதியலாம். வேளாண்மை அலுவலகத்திலோ பாங்கிலோ எழுதிக் கொடுக்கலாம். போன் செய்தால் கொடுக்கும் பதிவு எண்ணைக் குறித்துக் கொள்ள வேண்டும். தண்ணீர் வடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் மூன்று நாள் ஓடிவிடும். மழை விடாமல் பெய்து வெளியே போக முடியாத நேரத்தில் வீட்டில் படித்த பிள்ளைகள் யாராவது போனில் பதிவு செய்வதுதான் நடைமுறையில் சுலபம்.

அறுவடைக்குப் பிந்திய நஷ்டத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அறுத்த பயிரை வயலில் பரப்பியோ சிறு கட்டாகவோ காயப் போட்டிருக்கும்போது, அறுத்ததிலிருந்து 14 நாளுக்குள் புயலோ பருவம் தவறிய மழையோ ஆலங்கட்டியோ கெடுத்தால் நஷ்ட ஈடு உண்டு. அரிவாளால் அறுத்துக் களம் சேர்த்த காலத்துக்கு ஏற்ற விதி இது. இன்றைக்கு டெல்டாவில் பெரும்பாலான அறுவடை இயந்திரத்தில். நெல் நேரே டிராக்டர் பெட்டியில் விழுந்து கொள்முதல் நிலைய வாசலுக்குப் போய்விடுகிறது. அங்கே குவியலாகக் கிடந்து நனைந்தால் இந்த விதி உதவாது. கொள்முதல் நிலையத்தில் முறை வரும் வரை அந்த நெல்லுக்குத் தார்ப்பாய்தான் இன்ஷூரன்ஸ்.

நடவே முடியாமல் போவதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. அலகில் முக்கால் பங்குக்கு மேல் பரப்பு விதைக்கப்படாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவிகிதம் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். நடுப் பருவத்தில் மகசூல் பாதிக்கும் கீழே போகும் என்று தெரிந்தால் முன்பணமாக 25 சதவிகிதம் வரை கொடுக்கவும் இடமுண்டு. இரண்டும் அரசு அறிவித்தால்தான்.

பதிவில் விழும் தவறுகள்

சம்பாவுக்குக் கடைசித் தேதி பல மாவட்டங்களில் நவம்பர் 15 என்று வைக்கிறார்கள். சில ஆண்டுகளில் நீட்டித்ததும் உண்டு. நீட்டிப்பார்கள் என்று காத்திருப்பது தப்புக் கணக்கு. கடைசி வாரத்தில் அடங்கல் வாங்க வி.ஏ.ஓ. அலுவலகத்திலும், பதிவு செய்யப் பொதுச் சேவை மையத்திலும் கூட்டம் நெரியும், கம்ப்யூட்டர் நின்றுபோகும். நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்ததும் போய்விட்டால் ஒரு நாளில் வேலை முடியும். விதைப்புச் சான்று அல்லது அடங்கல், சிட்டா, ஆதார், பாங்க் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கம் இவை போதும்.

ரசீதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக் கொள்ளாமல் அங்கேயே வாசித்துப் பார்க்க வேண்டும். கவனிக்க வேண்டியவை கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பயிர், பாங்க் கணக்கு எண். இவற்றில் கிராமத்தின் பெயர் எல்லாவற்றையும் விட முக்கியம். குடியிருக்கும் ஊர் ஒன்று, நிலம் இருக்கும் வருவாய்க் கிராமம் வேறு என்பது டெல்டாவில் சாதாரணம். ஒரே பெயரில் வடக்கு, தெற்கு, முதல் சேத்தி, இரண்டாம் சேத்தி என்று கிராமங்கள் பிரிந்திருக்கும். பதிவு செய்யும் பையன் பக்கத்துக் கிராமத்தைத் தட்டிவிட்டால் அந்தக் கிராமத்தின் மகசூல்தான் கணக்கில் வரும். மேலே சொன்ன "பக்கத்து ஊருக்கு வந்தது, நமக்கு வரவில்லை" என்ற புகாரில் ஒரு பகுதி இப்படி விளைந்ததே.

கடன் வாங்கியவர்களுக்கு 2020 காரிப் முதல் இன்ஷூரன்ஸ் கட்டாயமல்ல. வேண்டாம் என்பவர் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர் சார்பில் சொசைட்டியோ பாங்கோ பிரீமியத்தைப் பிடித்துக் கட்டும். பிடித்த பணத்தைக் கட்டாமலோ தவறாகப் பதிந்தோ விட்டால் அந்த நஷ்டத்துக்குப் பாங்கே பொறுப்பு என்று திட்ட விதி சொல்கிறது. ஆனால் அதை நிரூபிக்கப் பிரீமியம் பிடித்த சீட்டு கையில் வேண்டும். சொசைட்டியில் ஒரு முறை, சேவை மையத்தில் ஒரு முறை என்று ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு பதிவு செய்வதும் கூடாது.

குத்தகைக்காரர்களுக்குத் திட்டத்தில் இடமுண்டு. இடர்ப்பாடு ஆவணத்தில்தான். வாய்மொழிக் குத்தகையில் சாகுபடி செய்பவர் பெயர் அடங்கலில் ஏறாவிட்டால் பணம் பட்டாதாரர் பெயருக்குப் போகும். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவு செய்து கொண்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பதியாதவர்கள், நிலச் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே பேசி, இந்தப் பருவச் சாகுபடி யாருடையது என்று வி.ஏ.ஓ. சான்றில் வரும்படி செய்து கொள்ள வேண்டும். அறுவடைக்குப் பின் பேசினால் உறவுதான் கெடும்.

பணம் வரும் வரை

ஊர்ச் சராசரி கணக்காகி, மாநில அரசும் மத்திய அரசும் தங்கள் பங்கைக் கட்டி, கம்பெனி பணம் விடுவிக்க மாதக் கணக்கில் ஆகும். தை மாத நஷ்டத்துக்கு வரும் பணம் சித்திரையில் சொசைட்டிக் கடன் கட்ட உதவாது என்றே எண்ணிக் கொள்ள வேண்டும். அரசு கொடுக்கும் நிவாரணம் வேறு, இன்ஷூரன்ஸ் வேறு. 33 சதவிகிதமும் அதற்கு மேலும் சேதம் என்று வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் கணக்கெடுத்தால் நிவாரணம் உண்டு. 2023 பிப்ரவரி மழைக்குத் தமிழக அரசு அறுவடைக்கு நின்ற நெல்லுக்கு ஹெக்டேருக்கு ரூ.20,000 அறிவித்தது, ஏக்கருக்குப் பார்த்தால் எட்டாயிரத்துச் சொச்சம். நிவாரணம் வாங்கியவருக்கும் இன்ஷூரன்ஸ் பாக்கி நிற்கும். ஒன்றை வாங்கினால் மற்றது போய்விடும் என்ற வதந்தியை நம்ப வேண்டாம்.

இதற்கிடையில் மழை கொண்டு வரும் செலவுகள் எந்த இன்ஷூரன்ஸிலும் சேர்வதில்லை. வயல் காய்ந்திருந்தால் டயர் வண்டி அறுவடை இயந்திரம் போதும். ஈரமாகிவிட்டால் செயின் வண்டிதான் இறங்கும். அதன் மணி வாடகை அதிகம். பயிர் சாய்ந்து கிடந்தால் அறுக்க நேரமும் கூடும். ஒரு மணியில் முடியும் ஏக்கர் இரண்டு மணி எடுக்கும். நெல் 17 சதவிகித ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அரசு தளர்வு கொடுக்கும் வரை ரோட்டில் கொட்டிக் காய வைக்க ஆள் கூலி, தார்ப்பாய் வாடகை, இரவுக் காவல். ஐப்பசியில் வெள்ளம் வந்தால் மறு நடவுக்கு நாற்று தேடும் செலவு. மோட்டார் காயில் கருகினால் மறுபடி சுற்றும் செலவு.

இவை எதிர்பாராத செலவு என்று சொல்லப்பட்டாலும் பத்து ஆண்டில் மூன்று நான்கு தடவை வருகிறவைதான். நல்ல ஆண்டில் நெல் போட்ட பணம் கைக்கு வந்த அன்றே ஏக்கருக்கு இரண்டு மூட்டை விலையை எடுத்துத் தனியாகச் சொசைட்டியிலோ தபால் ஆபீசிலோ போட்டு வைப்பவர்கள் டெல்டாவில் இல்லாமல் இல்லை. இரண்டரை ஏக்கருக்கு ஐந்து மூட்டை. மூன்று நல்ல ஆண்டில் பதினைந்து மூட்டை விலை சேர்ந்துவிடும். அந்தப் பணம் செயின் வண்டி வாடகைக்கும் தார்ப்பாய்க்கும் தாராளமாகக் காணும். மகளின் காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைக்க வேண்டி வராது. கல்யாணம், காதுகுத்து என்று வந்தால் இதைத் தொடக் கூடாது என்பதுதான் கஷ்டமான பகுதி. அதற்காகவே வீட்டுப் பெண்கள் பெயரில் போட்டு வைக்கிறார்கள்.

கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தவணைத் தேதிக்குள் கட்டினால் வட்டி இல்லை. தேதி தவறினால் அந்தச் சலுகை போகும். ஆகவே கெட்ட ஆண்டில் கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எதற்குக் கொடுப்பது என்ற நிலை வந்தால், சொசைட்டிக்குப் போய் எழுத்து மூலம் நிலைமையைச் சொல்லி, தவணையை மாற்றித் தர அறிவிப்பு வந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். பேசாமல் இருந்துவிடுவதுதான் தவறு.

மாடு, தென்னை, மனிதர்

கறவை மாட்டு இன்ஷூரன்ஸில் காதில் மாட்டும் எண் வில்லைதான் உயிர். வில்லை இல்லையேல் பணம் இல்லை. வேலியில் சிக்கி அறுந்து விழுந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லிப் புது வில்லை போட்டு, எண்ணைக் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். மாடு இறந்தால் புதைக்கும் முன் மருத்துவரை அழைத்துப் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்க வேண்டும். வில்லையோடு படம் எடுத்து, வில்லையையும் பத்திரப்படுத்த வேண்டும். 2024-இல் மத்திய அரசு செய்த மாற்றப்படி மானியத் திட்டத்தில் விவசாயியின் பங்கு பிரீமியத்தில் 15 சதவிகிதம்.

தென்னைக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் 2009-10 முதல் ஒரு திட்டம் வகுத்தது. 4 முதல் 15 வயது மரத்துக்கு ரூ.900, 16 முதல் 60 வயது மரத்துக்கு ரூ.1,750 காப்பீடு, பிரீமியத்தில் கால் பங்குதான் விவசாயியுடையது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்த்த மரங்களை நினைத்தால் அந்தச் சில ரூபாயின் அருமை தெரியும். ஆனால் ஒரு தென்னை மறுபடி காய்க்க ஆகும் ஆண்டுகளுக்கு அந்தத் தொகை ஈடாகாது என்பதும் உண்மை.

கடைசியாக, பாங்கில் ஆண்டுக்கு ரூ.20 பிடிக்கும் விபத்துக் காப்பீடு. 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம். ஜூன் முதல் தேதி தொடங்கி அடுத்த மே 31 வரை ஓர் ஆண்டுக் கணக்கு. மே கடைசியில் கணக்கில் இருபது ரூபாய் இல்லாவிட்டால் பாதுகாப்பு அறுந்துபோகும். யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். வரப்பில் பாம்பு கடிப்பதும், தென்னையிலிருந்து விழுவதும் இதில் சேரும். ஆனால் அதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வேண்டும். மந்திரிக்கக் கொண்டு போய்விட்டு வீட்டிலேயே உயிர் போனால் பணமும் போகும். நேரே அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் பெரும்பாலும் ஆளே பிழைத்துக் கொள்வார்.